யாருக்கான சிரிப்பு?

தேநீரை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். இன்றைக்கு ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லைப் பார்க்கப்போகிறோம், அவசரமில்லை. சொல் 'சார்டானிக்'. சொல்லும்போது நடுவில் வரும் 'டா'வில் அழுத்தம் விழ வேண்டும். ஆங்கில நாவல் படிக்கிறவர்களுக்கு இது பழக்கமான சொல்தான். ஒருவர் உதட்டில் சார்டானிக் புன்னகை தெரிந்தது, இன்னொருவர் குரலில் சார்டானிக் தொனி இருந்தது என்று எழுதியிருப்பார்கள். அகராதியைப் புரட்டினால் ஏளனமான, இகழ்ச்சியான என்று பொருள் கிடைக்கும். அதை அந்த வாக்கியத்தில் பொருத்திப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம்.

அப்படிப் போகும்போது சொல்லின் பாதியை விட்டுவிட்டுப் போகிறோம். ஏளனம் என்றதும் நம் மனத்தில் இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள். ஏளனம் செய்கிறவர் மேலே நிற்கிறார், அதற்கு ஆளானவர் கீழே நிற்கிறார். சார்டானிக் சிரிப்பில் பெரும்பாலும் சிரிக்கிறவரே அடிபட்டவர். அவர் பட்ட கசப்பு வாய்வழியாகச் சிரிப்பாக வெளியே வருகிறது. அதைத் திமிரின் சிரிப்பாக நாம் வாசித்துவிட்டால் அந்த மனிதரையே தலைகீழாகப் புரிந்துகொள்கிறோம். கதையில் இது நடந்தால் நாவலின் சுவை கெடும். வாழ்க்கையில் நடந்தால் உதவி தேவைப்படும் ஒருவரைக் கோபித்துக்கொண்டு விலகிப்போவோம். இந்தச் சொல்லை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

முதலில் கிரேக்கத்துக்குப் போவோம். ஹோமரின் 'ஒடிஸி' காவியத்தில் இருபதாவது காண்டம். டிராய் போருக்குப் போன ஒடிஸியஸ் இருபது ஆண்டுகள் கழித்து இத்தாக்கா தீவிலுள்ள தன் அரண்மனைக்குத் திரும்பியிருக்கிறான். அவனை அதீனா தேவி கிழப் பிச்சைக்காரனாக உருமாற்றியிருக்கிறாள். வீடு முழுக்க அந்நிய ஆண்கள், 100 பேருக்கும் மேல். அவன் இறந்துபோயிருப்பான் என்று சொல்லி, அவன் மனைவி பெனலபியைத் தங்களில் ஒருவனுக்குக் கட்டிக்கொடுக்கச் சொல்லி அங்கேயே தங்கிவிட்டவர்கள். அவன் ஆடுமாடுகளை அறுத்துத் தின்கிறார்கள், அவன் மதுவைக் குடிக்கிறார்கள்.

அவர்களில் க்தெசிப்பஸ் என்றொருவன். இந்த விருந்தாளிக்கு நானும் ஒரு பரிசு கொடுக்கிறேன் என்று சொல்லி, கூடையில் கிடந்த மாட்டுக் குளம்பை எடுத்து அந்தப் பிச்சைக்காரன்மேல் வீசுகிறான். ஒடிஸியஸ் தலையைச் சற்றே சாய்க்கிறான். குளம்பு சுவரில் போய் மோதுகிறது. அப்போது அவன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்புக்கு ஹோமர் கொடுத்த அடைமொழி 'சார்தானியோன்'. அதோடு இன்னொன்றும் சொல்கிறார்: அவன் நெஞ்சுக்குள் சிரித்தான் என்கிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சொந்த வீட்டில் நின்றுகொண்டு, தன் சோற்றைத் தின்கிறவன் கையால் அடி வாங்கும் நிலை. வாய் திறந்தால் வேஷம் கலைந்துவிடும், உயிர் போய்விடும். கோபத்தைக் காட்ட வழியில்லை, அழவும் வழியில்லை. அந்த நேரத்தில் உள்ளே ஒரு சிரிப்பு பிறக்கிறது. க்தெசிப்பஸ் அதைப் பார்க்கவில்லை, அவன் பார்ப்பதற்காக அது வரவும் இல்லை. ஒடிஸியஸ் தனக்குத்தானே சிரித்துக்கொண்ட சிரிப்பு அது. அதில் அவமானம் இருக்கிறது, பொறுமை இருக்கிறது, வரப்போவதை அறிந்தவனின் நிச்சயமும் இருக்கிறது. இரண்டு காண்டம் தள்ளி மாடு மேய்க்கும் ஃபிலோயித்தியஸ் ஈட்டியால் க்தெசிப்பஸைக் கொல்லும்போது, அன்றைக்கு நீ கொடுத்த குளம்புக்கு இது பதில் பரிசு என்று சொல்லியே கொல்கிறான்.

ஹோமருக்குச் சில நூற்றாண்டுகள் கழித்து இதே சொல் பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் வருகிறது. நீதி என்றால் என்ன என்று சாக்ரடீஸும் நண்பர்களும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பொறுமை இழந்த திராசிமக்கஸ் பாய்ந்து நடுவே புகுகிறான். சாக்ரடீஸ், நாங்கள் தவறியிருந்தால் தெரியாமல்தான் தவறியிருப்போம், எங்களிடம் கோபிக்காமல் இரக்கம் காட்டலாமே என்று பணிவாகச் சொல்கிறார். அதற்குத் திராசிமக்கஸ் வாய்விட்டுச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்புக்கும் 'சார்தானியோன்' என்றுதான் பெயர். சிரித்துவிட்டு, இதோ சாக்ரடீஸின் வழக்கமான 'ஐரனி', அதாவது தெரியாததுபோல் காட்டும் பாசாங்கு, என்கிறான். இன்று ஆங்கிலத்தில் நாம் பக்கத்து வீட்டுச் சொற்களாகக் கருதும் 'சார்டானிக்', 'ஐரானிக்' இரண்டின் மூதாதைகளும் சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே ஒரே காட்சியில் எதிரெதிரே நின்றிருக்கின்றன.

ஒடிஸியஸின் சிரிப்பு உள்ளே அடங்கியது. திராசிமக்கஸின் சிரிப்பு எதிரே இருப்பவர் காதில் விழும்படி வெடித்தது. இரண்டுக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். திராசிமக்கஸ் யார் என்று பாருங்கள். வலுத்தவனுக்கு எது லாபமோ அதுதான் நீதி என்று வாதிடப்போகிறவன் அவன். நல்லது என்ற ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதிலேயே அவனுக்கு நம்பிக்கை இல்லை. ஆக, இரண்டு சிரிப்பிலும் மகிழ்ச்சி கிடையாது, உலகம் நியாயமாக நடக்கும் என்ற எதிர்பார்ப்பும் கிடையாது. சொல்லின் அடிப்படைக் குணம் அங்கேயே அமைந்துவிட்டது.

ஹோமரின் சொல்லுக்கு வேர் எது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. பல்லைக் காட்டுவதைக் குறிக்கும் கிரேக்க வினையோடு சேர்த்துப் பார்த்தவர்கள் பழங்காலத்திலேயே உண்டு. ஆனால் கிரேக்கர்கள் பலர் அதை ஒரு தீவோடு முடிச்சுப் போட்டார்கள். மத்தியதரைக் கடலில் சிசிலிக்கு அடுத்த பெரிய தீவான சார்தீனியா, இன்றைய இத்தாலியைச் சேர்ந்தது. சார்தீனியாக்காரரைக் கிரேக்கத்தில் சொல்லும் சொல்லும் ஹோமரின் சொல்லும் ஓர் உயிரெழுத்து அளவுதான் வேறுபட்டன. காலப்போக்கில் 'சார்தானியோஸ்' என்பது 'சார்தோனியோஸ்' ஆகிவிட்டது.

தீவு வந்ததும் அதற்கேற்ற கதைகளும் வந்து சேர்ந்தன. சார்தீனியாவில் எழுபது வயதைத் தாண்டிய முதியோரைக் குரோனோஸ் தெய்வத்துக்குப் பலியிடுவார்கள், சாகிறவர்கள் அழாமல் சிரிக்க வேண்டும் என்பது ஒரு கதை. இன்னொன்று ஒரு செடியைப் பற்றியது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்கப் பயணி பௌசானியாஸ் எழுதினார்: அந்தத் தீவில் நச்சுச்செடி ஒன்றே ஒன்றுதான், பார்ப்பதற்குச் செலரி மாதிரி இருக்கும், ஊற்றுகளின் ஓரத்தில் முளைக்கும், தின்றவர்கள் சிரித்தபடியே சாவார்கள், அதனால்தான் நல்லது எதையும் கொண்டுவராத சிரிப்புக்கு அந்தப் பெயர். அவருக்கு முன்பே ரோமானியக் கவி விர்ஜில், மிகக் கசப்பான ஒன்றுக்கு எடுத்துக்காட்டாகச் சார்தீனியப் பச்சிலையைத்தான் சொல்லியிருக்கிறார்.

இதையெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2009இல் இத்தாலியின் கிழக்கு பியட்மாண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜொவான்னி அப்பெந்தினோவும் சக ஆய்வாளர்களும் சார்தீனியாவில் வளரும் 'ஓனாந்தே' இனத்து நீர்ச்செடியை ஆராய்ந்து முடிவை வெளியிட்டார்கள். கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம் எல்லாம் சேர்ந்த அதே குடும்பத்துச் செடி இது. சாக்ரடீஸ் குடித்து இறந்த ஹெம்லாக்கும் அந்தக் குடும்பம்தான். இந்த நீர்ச்செடியில் இருக்கும் நஞ்சு, நரம்பு மண்டலத்தில் 'காபா' என்ற வேதிப்பொருள் செய்யும் வேலையைத் தடுக்கிறது என்று அவர்கள் கண்டார்கள்.

காபாவின் வேலை என்ன? நம் உடம்பில் ஒரு தசை சுருங்க வேண்டுமானால் அதற்கு ஆணை போகிறது. அதே நேரத்தில், மற்ற தசைகள் சும்மா இருக்க வேண்டும் என்ற ஆணையும் போக வேண்டும். வண்டிக்கு பிரேக் எப்படியோ அப்படித்தான் இந்த இரண்டாவது ஆணை. காபாவும் கிளைசீன் என்ற இன்னொரு வேதிப்பொருளும் அந்த பிரேக்கைப் பிடிக்கின்றன. பிரேக் போய்விட்டால் தசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இழுத்துக்கொள்ளும். முகத்தில் அது நடக்கும்போது தாடை இறுகும், புருவம் மேலேறும், வாயின் ஓரங்கள் விரிந்து பல் தெரியும். பார்ப்பவர் கண்ணுக்கு அது இளிப்பு மாதிரி இருக்கும்.

மருத்துவர்கள் இந்த முகத்துக்கு இன்றும் லத்தீனில் 'ரைசஸ் சார்டோனிகஸ்', அதாவது சார்டானிக் சிரிப்பு, என்றே பெயர் சொல்கிறார்கள். டெட்டனஸ் நோயில் இதைப் பார்க்கலாம். நம் ஊரில் ரணஜன்னி என்பார்கள். மண்ணில் இருக்கும் கிருமி காயத்தின் வழியே உள்ளே போய் நஞ்சை உண்டாக்குகிறது. அந்த நஞ்சு நரம்பின் வழியே ஏறிப்போய், கிளைசீனும் காபாவும் வெளிவராமல் அடைத்துவிடுகிறது. நம் பக்கத்துக் காடுகளில் வளரும் எட்டி மரத்தின் விதையிலிருந்து கிடைக்கும் ஸ்ட்ரிக்னைன் நஞ்சும் கிளைசீனைத் தடுத்து இதே முகத்தைக் கொண்டுவரும். கசப்புக்கு விர்ஜில் சார்தீனியப் பச்சிலையைச் சொன்னார், நாம் எட்டிக்காயைச் சொல்கிறோம். இரண்டின் நஞ்சும் மனித முகத்தில் ஒரே தடயத்தை விட்டுப்போகின்றன.

இங்கே ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது. டெட்டனஸ் வந்தவருக்குப் பொதுவாக நினைவு தப்புவதில்லை. முகம் இளித்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு இழுப்பையும், ஒவ்வொரு வலியையும் அவர் முழு நினைவோடு அனுபவிக்கிறார். தொப்புள்கொடி வழியாகக் கிருமி புகுந்து பிறந்த சில நாட்களிலேயே குழந்தைகள் இறந்துபோன காலம் இந்தியாவில் நெடுநாள் இருந்தது. கர்ப்பிணிகளுக்குப் போடும் தடுப்பூசியாலும் சுத்தமான பிரசவ முறையாலும் அந்த நிலை மாறி, தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015இல் உலகச் சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. அதனால் இன்றைய தலைமுறையில் பெரும்பாலோர் அந்த முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அது நம் நல்லகாலம். ஆனால் அந்த முகத்தைத் தெரிந்துகொண்டால்தான் சொல்லின் பொருள் சரியாகப் பிடிபடும்: வெளியே சிரிப்பு, உள்ளே வேதனை.

இனி ஆங்கிலத்துக்கு வருவோம். முதலில் வந்த வடிவம் 'சார்டோனியன்'. எட்மண்ட் ஸ்பென்சர் 1596இல் வெளியிட்ட 'ஃபேரி குவீன்' காவியத்தின் பிற்பகுதியில், ஒரு பெண்ணை ஏமாற்றிப் பிடிக்க வரும் வஞ்சகனின் முகத்தில் இந்தப் புன்னகையை வைத்தார். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்ற பொருள் அங்கே இருக்கிறது. பிரெஞ்சு வழியாக வந்த 'சார்டானிக்' என்ற வடிவம் 1630களில் ஆங்கிலத்தில் நுழைந்து, பழைய வடிவத்தை ஓரம்கட்டி நிலைத்துவிட்டது. மகிழ்ச்சியிலிருந்து பிறக்காத சிரிப்பு என்பதுதான் தொடக்கப் பொருள். கசப்பு, இகழ்ச்சி, அவநம்பிக்கை எல்லாம் அதைச் சுற்றிப் பிறகு படிந்தவை.

சரி, 'சர்காஸ்டிக்', 'ஐரானிக்', 'சினிக்கல்', 'சட்டைரிக்கல்' என்று இத்தனை சொற்கள் இருக்கும்போது இதை எங்கே வைப்பது? ஹென்றி வாட்சன் ஃபவுலர் என்ற அறிஞர் 1926இல் வெளியிட்ட ஆங்கில வழக்கு அகராதியில் இதற்கென்றே ஓர் அட்டவணை போட்டார். எட்டு வகை நகையை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்வி கேட்டார். நோக்கம் என்ன, களம் எது, வழி எது, கேட்போர் யார்? இந்தச் சொற்களைப் பற்றி நான் படித்தவற்றில் இவ்வளவு தெளிவு தந்தது வேறில்லை.

அட்டவணையின்படி சர்காஸ்டிக் பேச்சின் நோக்கம் புண்படுத்துவது. கேட்போர், அடிபடுகிறவரும் பக்கத்தில் நிற்பவர்களும். ஐரனிக்குக் கேட்போர், உட்பொருள் புரிந்த ஒரு சிறு வட்டம். சட்டைரின் நோக்கம் திருத்துவது. சினிக்கல் பேச்சின் நோக்கம் தன்னை நியாயப்படுத்திக்கொள்வது. கடைசி வரியில் சார்டானிக் வருகிறது. அதன் களம் துன்பம், நோக்கம் தன் பாரத்தை இறக்கிக்கொள்வது. கேட்போர் யார் என்ற கட்டத்தில் ஃபவுலர் எழுதியது, 'தான்'. நெஞ்சுக்குள் சிரித்தான் என்று ஹோமர் சொன்ன அதே இடத்துக்கு ஃபவுலர் வந்துசேர்ந்துவிட்டார்.

ஓர் ஊரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது. பாலம் கிடையாது. வெள்ளம் வந்தால் ஊர் துண்டாகிவிடும். பாலத்துக்கு இரண்டு முறை அடிக்கல் நாட்டியாகிவிட்டது, பாலம் மட்டும் வரவில்லை. இன்றைக்கு மூன்றாவது அடிக்கல்.

கூட்டத்தில் ஓர் இளைஞர் அதிகாரியின் முகத்துக்கு நேரே, "என்ன வேகம் சார்! எங்கள் கண்ணுக்கே பாலம் தெரியவில்லை" என்கிறார். அது சர்காஸ்டிக். அதிகாரி சுருங்க வேண்டும், சுற்றி நிற்பவர்கள் சிரிக்க வேண்டும். ஓர் ஆசிரியர் பக்கத்து நண்பரிடம், "உறுதியான பாலம்" என்று சொல்கிறார், இருவரும் பார்வையைப் பரிமாறிக்கொள்கிறார்கள். அது ஐரானிக். "எல்லாம் கமிஷனுக்குத்தான். நான் மட்டும் எதற்கு ஒழுங்காக வரி கட்டணும்?" என்று ஒருவர் கையை உதறுகிறார். அது சினிக்கல். ஊர்ப் பிள்ளைகள் அடிக்கற்களாலேயே ஆற்றைக் கடக்கும் ஒரு நாட்டின் கதையை எழுதி மேடையில் நடிக்கிறார்கள். அது சட்டைர்.

கூட்டம் கலைந்தபிறகு ஒரு முதியவர் அங்கே வருகிறார். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை இரவில் ஆற்றைக் கடக்க முடியாமல் மனைவியை இழந்தவர். மூன்று கற்களையும் பார்க்கிறார். வாய் ஒரு பக்கமாகக் கோணுகிறது. "கல்லுக்குக் குறைவில்லை" என்கிறார். கேட்பதற்கு யாரும் இல்லை. அந்தச் சிரிப்புக்குத்தான் சார்டானிக் என்று பெயர்.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. எதிரே இருப்பவரை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள். சிரிப்புக்கு வேலை இல்லாமல் போனால் அது சர்காஸம். யாருமில்லாத அறையிலும் அந்தச் சிரிப்பு எஞ்சினால் அது சார்டானிக். சொற்பிறப்பும் இதை ஒட்டித்தான் இருக்கிறது. 'சர்காஸம்' என்ற சொல், சதையைக் கிழிப்பதைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து வந்தது. கிழிப்பதற்கு இன்னொருவரின் சதை வேண்டும். சார்டானிக் சிரிப்பில் நஞ்சு ஏறியிருப்பது சிரிக்கிறவர் உடம்பில்.

ஃபவுலர் சொன்ன நோக்கத்தையும் கவனிக்க வேண்டும்: பாரத்தை இறக்கிக்கொள்வது. வெறும் சோர்வு என்று இதைச் சுருக்கிவிட முடியாது. ஃபவுலரின் அகராதிக்கு அடுத்த ஆண்டு, 1927இல், சிக்மண்ட் ஃபிராய்ட் நகைச்சுவை பற்றிய கட்டுரையில் ஒரு கைதியைக் காட்டினார். திங்கட்கிழமை காலையில் தூக்குமேடைக்குக் கூட்டிப்போகிறார்கள். இந்த வாரம் நன்றாகத்தான் தொடங்குகிறது என்கிறான் அவன். நடப்பதை அவனால் தடுக்க முடியாது. ஆனால் அது தன்னை நொறுக்க அனுமதிக்க மாட்டேன் என்று அவன் மனம் மறுக்கிறது என்று ஃபிராய்ட் விளக்கினார். சோவியத் ஒன்றியத்தில் மக்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட துணுக்குகளிலும் இந்த மறுப்பு கேட்கும். அவர்கள் சம்பளம் கொடுப்பதுபோல் நடிக்கிறார்கள், நாங்கள் வேலை செய்வதுபோல் நடிக்கிறோம் என்பது அவற்றில் ஒன்று. ஸ்டாலின் காலத்தில் இப்படிப்பட்ட பேச்சுக்காகச் சிறைக்கும் முகாமுக்கும் போனவர்கள் உண்டு. அப்படியும் மக்கள் சொல்வதை நிறுத்தவில்லை. அரசாங்கத்தைத் திருத்திவிடலாம் என்று யாரும் நினைத்துச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் மூச்சு முட்டும், அதனால் சொன்னார்கள்.

ஒரு முழு வாழ்க்கைக்கே இந்தச் சொல் பொருந்துமென்றால் அமெரிக்க எழுத்தாளர் ஆம்புரோஸ் பியர்ஸைச் சொல்லலாம். சொற்களுக்குக் கசப்பான பொருள்களை எழுதி அவர் தொகுத்த 'சாத்தானின் அகராதி' 1911இல் அந்தப் பெயரில் வந்தது. 1906இல் முதலில் வேறு பெயரில் வந்திருந்தது. படிக்கிறவர்கள் அதைப் புத்திசாலித்தனமான குறும்பாக மட்டும் ரசித்துவிட்டுப் போவதுண்டு. பியர்ஸ் இளைஞராக அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர். 1862இல் ஷைலோ களத்தில் பிணக்குவியலைப் பார்த்தவர். 1864இல் தலையில் குண்டடிபட்டவர். தன் இரண்டு மகன்களையும் தனக்கு முன்பே மண்ணுக்குக் கொடுத்தவர். இதைத் தெரிந்துகொண்டு அந்த அகராதியைத் திறந்தால் ஒவ்வொரு பதிவின் அடியிலும் யார் சிரிக்கிறார் என்பது தெரியும்.

இப்போது எழுதும்போது எப்படிக் கையாள்வது என்று பார்ப்போம். சார்டானிக் என்ற அடைமொழி முகத்தோடும் குரலோடும் இயல்பாகச் சேரும். புன்னகை, இளிப்பு, சிரிப்பு, பார்வை, தொனி, நகைச்சுவை ஆகியவற்றுக்கு முன்னால் போடலாம். சர்காஸ்டிக் என்பது பேச்சோடு சேர்கிற சொல். சொன்ன வார்த்தை, எழுதிய வரி, கொடுத்த பதில் இவற்றுக்கு அது பொருந்தும். ஒரு மனிதரையே சார்டானிக் என்று சொல்லலாம். ஆனால் அப்படிச் சொன்னால் அவர் உலகத்தைக் கொஞ்சம் பார்த்தவர், சில நம்பிக்கைகளை இழந்தவர் என்றும் சேர்த்துச் சொல்கிறோம். பத்து வயதுச் சிறுமி சர்காஸ்டிக்காகப் பேசுவாள். அவளைச் சார்டானிக் என்று எழுதினால் வாசகர் நின்று, இந்தக் குழந்தைக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பார். கதையில் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்.

சர்காஸ்டிக்குக்கு இன்னும் கொஞ்சம் கம்பீரமான மாற்றுச்சொல் என்று நினைத்து இதைப் போடுவதுதான் பரவலான தவறு. எதிராளியைச் சுருங்க வைக்கும் குத்தலுக்கு அது வேண்டாம், சர்காஸ்டிக்கே போதும். வெளிப்படையாக நகைத்து மட்டம் தட்டுவதற்கு 'டிரைசிவ்' என்று தனிச்சொல் இருக்கிறது. அதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 'டிரைசிவ்' என்றால் ஏளனம் செய்கிற, 'டிரைசரி' என்றால் ஏளனத்துக்குரிய. கூட்டத்தின் சிரிப்பு டிரைசிவ். பத்து லட்சம் நஷ்டத்துக்கு ஆயிரம் ரூபாய் நிவாரணம் கொடுத்தால் அந்தத் தொகை டிரைசரி. நிவாரணத்தை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவரின் உதட்டில் தெரிவதுதான் சார்டானிக்.

தமிழில் என்ன சொல்வது? நம்மிடம் சிரிப்புக்குச் சொல் பஞ்சம் இல்லை. ஆனால் கிண்டல், நக்கல், எகத்தாளம், ஏளனம் எல்லாவற்றுக்கும் எதிரில் ஓர் ஆள் தேவை. நமட்டுச் சிரிப்பில் கள்ளத்தனம் இருக்கிறது, காயம் இல்லை. வறட்டுச் சிரிப்பு கொஞ்சம் கிட்டே வருகிறது, விரக்திச் சிரிப்பு இன்னும் கிட்டே வருகிறது. ஆனால் விரக்தியில் ஆள் தளர்ந்துவிடுகிறார். சார்டானிக் சிரிப்பில் முதுகெலும்பு நிமிர்ந்தே இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் 'கசந்த சிரிப்பு', 'கசந்த புன்னகை' என்பவை பொருந்தும் என்பது என் எண்ணம். திராசிமக்கஸைப் போல எதிராளியை நோக்கி வரும் இடத்தில் 'கசப்பும் இகழ்ச்சியும் கலந்த சிரிப்பு' என்று விரித்தே எழுதிவிடலாம். சொல் நீண்டாலும் பரவாயில்லை, ஆள் மாறிவிடக் கூடாது. மொழிபெயர்ப்பு செய்கிற நண்பர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்: ஏளனம் என்று எழுதுமுன் அந்தப் பாத்திரம் முந்தைய பத்துப் பக்கத்தில் எதை இழந்தது என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

நல்ல அடைமொழி ஒன்றைக் கற்றுக்கொண்டால் அது பரீட்சைக்கோ கட்டுரைக்கோ மட்டும் பயன்பட்டு நின்றுவிடுவதில்லை, மனிதர்களைப் பார்க்கும் கண்ணையும் கொஞ்சம் திருத்துகிறது. உங்கள் அலுவலகத்தில் இப்படிச் சிரிக்கிற ஒருவர் இருப்பார். கூட்டத்தில் யாராவது நல்ல செய்தி சொன்னால் அவர் வாய் மட்டும் கோணும். அகந்தை பிடித்தவர் என்று மற்றவர்கள் ஒதுங்கியிருப்பார்கள். பதவி உயர்வு எத்தனை முறை அவரைத் தாண்டிப் போயிற்று, வாக்குக் கொடுத்தவர்கள் எத்தனை பேர் கைவிட்டார்கள் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வீட்டிலும் அப்படி ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருக்கலாம். அவர்கள் சிரிப்புக்குப் பதிலாக நாமும் ஒரு கிண்டலை வீசினால் அது க்தெசிப்பஸ் செய்த காரியம். அதைச் செய்ய வேண்டாம். அடுத்த முறை அவர்களுக்கும் ஒரு டம்ளர் டீ சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர்கள் சொல்ல ஆரம்பித்தால் முடியும்வரை கேளுங்கள்.